உண்ணிக் கடி

மூன்றாவது ஞாயிறும் லோசலின் சர்ச்சுக்குப் பின்னால் குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவிவிட ஒருத்தியும் வரவில்லை. பாட்டுக்குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? புருஷன் கெலெபி சொந்த ஊரான டோங்காத் தீவில் இருக்கிறான். அவள் போன வருஷத்திலிருந்து ஆஸ்திரேலியாவில் காஃப்ஸ் ஹார்பர் பக்கம் புளூபெர்ரி பறித்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் சொன்னது வேறு. கழுத்தில் உண்ணி கடித்ததால் வந்த ஒவ்வாமை இது. ஆடு, மாடு, பன்றி எதைத் தின்றாலும் சில மணி நேரம் கழித்து உடம்பு புரட்டும். மீனும் கோழியும் ஒன்றும் செய்யாது. உண்ணியை நகத்தால் நசுக்கினால் அதன் எச்சில் உள்ளே இறங்கிவிடுமாம்; அப்படிப் பிடுங்கியது யார் என்றும் கேட்டார்.

பிடுங்கியது நாத்தனார் கலோலைன்தான். கெலெபியின் அக்கா, அதே தோட்டத்தில் வேலை. தம்பி பொண்டாட்டி அவளை எதிர்த்துப் பேசக் கூடாது. டாக்டர் சொன்னதை லோசலின் சொன்னபோது கலோலைன் சட்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

"உண்ணி கடிச்சா அரிக்கும். ஆட்டுக்கறி தின்னா வாந்தி வருமாக்கும்? நாலு பெத்தவடி நான். எங்கிட்டயே கதை விடுற."

"டாக்டர்தான் சொன்னாருக்கா."

"சொல்லுவாரு. அவரு உன் கழுத்தத்தான பாத்தாரு."

அன்றைக்கே, லோசலின் எதிரிலேயே, தம்பிக்குப் போன் போட்டாள். டோங்காவில் அக்கா தம்பிக்குள் வயிறு, பிள்ளை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. வளர்ந்த பிறகு ஒரே கூரையின் கீழ்கூடப் படுக்கமாட்டார்கள். அதனால் கலோலைன் பாதிதான் சொன்னாள்.

"உன் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல. ஒரே வாந்தி. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

மீதியை அவள் சொல்ல முடியாது. அவனும் கேட்க முடியாது. அதிலிருந்து லோசலின் கூப்பிட்டால் கெலெபி போனை எடுப்பதில்லை. பாதிச் சொல்லால் ஒருத்தியின் வாழ்க்கையைக் குத்திவிட்டு, வழக்கத்தின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு போதகருக்கு விருந்து. மண்ணில் குழி தோண்டி மூடிய அடுப்பைத் திறந்து, சேம்பிலையில் தேங்காய்ப்பாலோடு பொதிந்து வெந்த ஆட்டுக்கறியைப் பாய் நெடுக வைத்தார்கள். லோசலின் மீனும் வள்ளிக்கிழங்கும் எடுத்துக்கொண்டாள். கலோலைன் வந்து ஒரு பொதியைப் பிரித்து அவள் தட்டில் வைத்தாள். நாத்தனார் கையால் வைத்ததைத் தள்ளினால் அந்த விருந்தையே தள்ளியதுபோல.

"சாப்பிடு," என்றவள் காதருகே குனிந்தாள். "உண்ணியா, வேறயான்னு தெரிஞ்சிடட்டும்."

டாக்டர் எச்சரித்தது லோசலினுக்கு மறக்கவில்லை. ஆனால் கோபம் அதையும் மீறி நின்றது. கொழுப்பு, இலை, பால் எதையும் மிச்சம் வைக்காமல் தின்று கையைத் துடைத்தாள்.

"இருட்டுற வரைக்கும் எங்கூடவே இருங்கக்கா. எங்கயும் போயிடாதீங்க."

பொழுது சாயும் நேரத்தில் உள்ளங்கை அரித்தது. பிறகு கழுத்து. தோட்டத்து விடுதியில் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த கலோலைன், அவள் கையெல்லாம் தடிப்பு ஏறுவதையும் உதடு உப்புவதையும் பார்த்தாள். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் துணியை எறிந்துவிட்டு, "வண்டிய எடுங்கடா" என்று வாசலுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வயிற்றில் பிள்ளை எதுவும் இல்லை என்றும் சோதித்துச் சொன்னார்கள். கலோலைன் கட்டிலோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"உனக்குச் சரியாயிடுச்சுன்னு தம்பிக்குச் சொல்லிடறேன்."

"நீங்க அன்னிக்குச் சொன்னது அதில்லையேக்கா. எத சொல்லாம சொன்னீங்களோ, அத இல்லன்னு வாய்விட்டுச் சொல்லுங்க."

"அவங்கிட்ட அத எப்படிடி பேசறது. கூடாதில்ல."

"கெடுக்க மட்டும் கூடும்."

லோசலின் கையை நீட்டி நாத்தனாரின் போனை வாங்கினாள். அக்காவின் எண் என்றதும் கெலெபி உடனே எடுத்தான்.

"சொல்லுக்கா."

"அக்கா இல்ல, நான். அக்கா பக்கத்துலதான் நிக்கறாங்க, ரெண்டு பேருக்கும் கேக்கும். என் வயித்துல பிள்ளை இல்ல. உண்ணி கடிச்சு ஆட்டுக்கறி ஆகாமப் போச்சு. உங்க அக்கா கையால வச்சத தின்னுட்டு ஆஸ்பத்திரியில கெடக்கறேன்."

"ஏய், அக்கா இருக்கறப்ப என்ன பேச்சு இது..."

"இருக்கணும். உன்னால கேக்க முடியல, அவங்களால சொல்ல முடியல. நான் சொல்லிட்டேன்."

கலோலைன் காதைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள். பிறகு கெலெபி மெதுவாக, "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்றான்.

"அத அன்னிக்கே கேட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.