மூப்பர் என்றால் முதியோர் அல்ல

என் கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, எங்கள் ஆலயத்துக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டுமென்று ஓடித் திரிந்தேன். போன வருடம் அக்காவின் கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வழி தவறிப் பக்கத்து ஊர் மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் அன்று ஒரு கலியாணம். வேறொரு பெண் முகத்திரையோடு உள்ளே வந்த பிறகுதான் எழும்பி வெளியேறினார்கள். அதற்குள் இரண்டு பாட்டுப் பாடி முடித்திருந்தார்கள். இப்போது என் மாப்பிள்ளை ஜொய்சனின் ஆட்கள் மாங்கேணியிலிருந்து வரவேண்டும்.

பலகை எழுதும் முனாப் அண்ணன், எங்களுக்கு முனாப் காக்கா, காத்தான்குடியிலிருந்து வந்து சுவரை அளந்தார்.

"பிரஸ்பிட்டேரியன். ஒன்பது எழுத்து. இதுக்கு அர்த்தம் என்ன புள்ள?"

இதைக் கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் வாய்க்கால் அளக்க இங்கே வந்தார், தன் விறாந்தையில் ஜெபக்கூட்டம் தொடங்கினார், திரும்பிப் போய்விட்டார். அடுத்த போதகர் வர ஆறு வருடம். அதுவரை சபையார் தெரிந்தெடுத்த மூன்று மூப்பர்கள்தான் எல்லாவற்றையும் நடத்தினார்கள். இன்றைக்கும் மூன்று பேர். பிரஸ்பிட்டேரியன் என்றால் மூப்பர்கள் நடத்தும் சபை.

"எங்கட பள்ளிவாசல நடத்த மரைக்கார்மார் இரிக்கிற மாதிரி."

"ஓம் காக்கா. ஆனா உங்கட மாதிரி குடிவழிக்கு ஒருத்தர் எண்டு இல்ல. வோட்டுப் போட்டு எடுக்கிறம்."

"அப்ப போதகர்?"

"அவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். தனிய ஒண்டும் முடிவெடுக்க ஏலா."

"பாவம் மனிசன்," என்றார்.

வெள்ளி பின்னேரம் பலகை வந்தது. அழகான நீல எழுத்து: 'முதியோர் ஆலயம்'.

"ஒன்பது எழுத்த யாரு வாசிக்கப்போற? மூப்பர் எண்டாலும் பழைய சொல்லு. அதான் எல்லாருக்கும் விளங்குற மாதிரி எழுதின," என்றார் முனாப் காக்கா பெருமையோடு. திருத்தலாம்தான், ஆனால் எனாமல் காய ஒரு நாள் வேண்டும். கலியாணமோ மறுநாள் காலை ஒன்பதுக்கு.

எங்கள் ஆலயத்தில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மூப்பர்கள் கூடவேண்டும். கூடினார்கள்.

"ஒரு நாளைக்கு மட்டும் தொங்கட்டும்," என்று கெஞ்சினேன்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசு," என்றார் ஞானமலர் மூப்பர். "இதுக்குக் கீழ நிண்டு நான் படம் எடுக்கிறதோ?"

"எனக்கு எழுபத்தொண்டு. எனக்கும் பிடிக்கல்ல," என்றார் பேர்னாட் மூப்பர்.

மூன்றாமவர் அஞ்சல்காரர் டேவிற்சன். அவரும் வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். மூன்றுக்குப் பூச்சியம். நான் போதகரைப் பார்த்தேன். அவர் கையை விரித்தார். எனக்குக் கண் கலங்கியது.

"அழாத றெபேக்கா. பலகையத்தானே வேண்டாம் எண்டம்," என்றார் பேர்னாட் மூப்பர். "றோட்டில மூண்டு சந்தி கிடக்கு. நாங்களும் மூண்டு பேர். சந்திக்கு ஒருத்தரா நிண்டு வழி காட்டுறம்." அதையும் முறைப்படி வோட்டுக்கு விட்டார்கள்.

காலை எட்டரைக்கு மாங்கேணி வான் முதல் சந்தியில் நின்றதாம். ஜொய்சனின் சித்தப்பா தலையை வெளியே நீட்டி, "பிரஸ்பிட்டேரியன் கோயில் எங்க இருக்கு?" என்று கேட்டாராம்.

"மூண்டில ஒரு பங்கு இஞ்ச நிக்குது," என்றாராம் பேர்னாட் மூப்பர். "மற்ற ரெண்டும் அங்கால. கொஞ்சம் தள்ளி இருங்க, ஏறுறன்."

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்க வான் எங்கள் வாசலில் வந்து நின்றது. முதலில் மூப்பர்கள்தான் இறங்கினார்கள்.