ராஜாவுக்கு அடிக்கும் மணி

கொஞ்சம் நீட்டி அடிப்பாராம்... அவ்வளவுதானா, முப்பது வருஷம் இந்த ஏரியில் வலை போட்ட மனுஷனுக்கு, ராஜாவின் மணியில் மிச்சம் கொஞ்சம். என் புருஷன் ஹோகனுக்குச் சாவு மணியைத் தனியாக அடிக்க வேண்டும் என்றேன். மணிக்கார யோரான் கூண்டு வாசலில் நின்று, என் காலணிச் சேற்றைப் பார்த்தபடி சொன்னார், "பெரிய மணிக்கு நாலு ஆள் வேணும் பிரிட்டா. தினம் பன்னண்டுலேருந்து ஒண்ணு வரைக்கும் செத்த ராஜாவுக்கு இழுக்குறானுங்க. நடுவுல நிறுத்தினா கயித்த விட்டுட்டுக் கஞ்சி குடிக்கப் போயிடுவானுங்க. அப்புறம் சொந்த அப்பன் செத்தாலும் வரமாட்டானுங்க." சின்ன மணியை அடிக்கலாமே என்றேன். "அது பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும். ஹோகனுக்கு அத அடிச்சா எந்திரிச்சு வந்து என்னை அடிப்பான்." சிரித்தார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். "ராஜாவுக்கு முடிஞ்சதும் நிறுத்தாம இன்னும் நூறு இழுக்கச் சொல்றேன். செவ்வாக்கிழமை அக்கரையிலேருந்து சுத்து வழியா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாங்க, அவங்களுக்கும் அப்படித்தான் செஞ்சேன். நீங்களும் கேட்டிருப்பீங்களே." கேட்டோம் என்றேன்.

சுவரோரம் உட்கார்ந்தேன், கல்லெல்லாம் ஈரம், இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அந்த ராஜாவை நான் பார்த்ததே இல்லை, அவர் செத்து மூன்று வாரம், இன்னும் புதைக்கவில்லையாம், வெள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் நடுவில் கிடக்கிறாராம், போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். என் புருஷன் இன்று விடிகாலையில் போனான், களஞ்சியத்தில் பலகைமேல் வைக்கோல் பரப்பிக் கிடத்தியிருக்கிறேன், குழி தோண்ட வேண்டுமென்றால் உறைந்த மண்மேல் இரண்டு நாள் நெருப்பு மூட்ட வேண்டும்... அது பரவாயில்லை, மண் காத்திருக்கும். சாவு வீடென்று தெரியட்டும் என்று வாசலில் தழை வெட்டிப் போட்டேன், யார் பார்க்க? பனி இளகும் மாதத்தில் அந்த வழியாக எவன் வருகிறான்? ஏரியின் பனிக்கட்டி இப்போது ஆளைத் தாங்காது, படகுக்கும் வழி விடாது. அக்கரைக்கு மணிச்சத்தம் மட்டும்தான் போகும். அக்கரையில் அவனுடைய அண்ணன் எலோஃப். வலை போடும் ஓர் இடத்துக்காக ஆறு வருஷம் பேச்சில்லை. நேற்று மத்தியானம் ஹோகன் சொன்னான், "மணி கேட்டா அண்ணன் வந்துருவான். சுத்து வழியா ஒன்றரை நாள் ஆனாலும் வந்துருவான்." தம்பி கிறிஸ்துமஸிலிருந்து படுக்கை என்று எலோஃபுக்குத் தெரியும், தனி மணி கேட்டால் யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை, செத்தவனுக்காகக் குல்லாவைக் கழற்றுவான், கிளம்புவான். இந்த மணியைக் கேட்டால்? ராஜாவுக்கு என்று நினைத்து வலை பின்னிக்கொண்டே இருப்பான். நீண்டு அடித்தது என்று எவன் கவனிப்பான்... நான் கவனித்தேனா?

கவனித்தேன். செவ்வாய்க்கிழமை மாவு பிசைந்துகொண்டிருந்தேன், ஒரு மணி தாண்டியும் நிற்கவில்லை, தலைவலி வேறு, இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று கத்தினேன், படுக்கையிலிருந்து ஹோகன், "இன்னிக்கு உன் ராஜா ரெண்டு தடவை செத்துட்டாருடி" என்றான், இருமல் வரும்வரை சிரித்தான், நானும் சிரித்தேன், அவன் தலையில் குல்லா அப்படியே இருந்தது, நான் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. நீங்களும் கேட்டிருப்பீங்களே என்றார் யோரான், எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றல்லவா சொன்னார்... அக்கரையில் ஐந்தே வீடு, அதில் ஒன்று எலோஃபுடையது.

எழுந்தேன். நாலு ஆட்களும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள், யோரான் ஏணியில் பாதி ஏறியிருந்தார். "அண்ணே, செவ்வாக்கிழமை யாருக்கு அடிச்சீங்க?" அவர் குனிந்து, கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினார். அதற்குள் கயிறு இறங்கிவிட்டது, ராஜாவுக்கு மணி அடிக்கத் தொடங்கியது.