ஐந்து பீப்பாய் பார்லி மது

மதுக்கடைக்காரி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். பிற்பகலிலேயே காற்று நின்றுவிட்டது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. இன்றைக்கும் உறைபனி நிச்சயம். தாத்தா காலத்தில் இந்த மலைச்சரிவில் பனி என்றால் குளிர்காலத்தோடு சரி. இப்போதோ மூன்று வருஷமாகத் துளிர் விட்ட பிறகு வந்து, திராட்சை மகசூலை வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. ஊரே குடித்த கடையில் பழைய திராட்சை மது அரைப் பீப்பாய்தான் மிச்சம்.

திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அவள் அண்ணன் கோடரியோடு உள்ளே வந்தான். கொடிகளுக்கு நடுவே தீ மூட்டிப் பனியை விரட்டப்போகிறானாம். வீட்டிலிருந்த விறகு போதவில்லை.

"பெஞ்சையெல்லாம் எடுத்துக்கறேன். கீழே காலிப் பீப்பாய் அஞ்சு இருக்குல்ல, அதையும் குடு. நல்லா எரியும்."

அவள் நிலவறைக் கதவை மறித்து நின்றாள்.

"பெஞ்சை எடுத்துக்கண்ணா. என் கட்டிலைக்கூட எடுத்துக்கோ. பீப்பாயைத் தொடாதே."

"காலிப் பீப்பாயைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

"காலி இல்லண்ணா. பார்லி மது போட்டிருக்கேன். பள்ளத்து வயல்லகூட பார்லி பனிக்குத் தப்பிச்சுதே, அதை வாங்கித்தான்."

அவன் முகம் கறுத்தது. "மாட்டுத் தீனியை ஊறவெச்சு, அப்பா நடத்தின கடையில ஊத்தப்போறியா? நான் அங்க கொடியைக் காப்பாத்த நாயா அலையறேன், நீ இங்க அதுக்குக் குழி தோண்டறியா?"

கோடரி உயர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாளே தவிர, நகரவில்லை. கதவுச் சட்டத்தில் அது இறங்கிய வேகத்தில் காதோரம் சிராய் தெறித்தது. அவன்தான் முதலில் தலையைக் குனிந்தான். பெஞ்சுகளை உடைக்கத் தொடங்கினான். அவளும் தன் கட்டிலைப் பிரித்துச் சுமந்துகொண்டு பின்னாலேயே மலையேறினாள்.

வெளிச்சம் வந்ததும், புகையில் சிவந்த கண்களோடு அவன் ஒரு துளிரைக் கிள்ளிப் பார்த்தான். கருகியிருந்தது. அடுத்ததும் அப்படியே. தெற்குச் சுவரோரம் மூன்று வரிசை மட்டும் பிழைத்திருந்தது.

அன்று மாலை கடைக்கு வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் நின்றபடியே பார்லி மதுக் குவளையை வாங்கினார்கள். கொல்லர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கசக்குதேம்மா!"

கொல்லர் மிச்சத்தையும் ஒரே மடக்காகக் குடித்துவிட்டுக் குவளையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து. கசப்பு போகுதான்னு பார்ப்போம்."

கடையே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே அண்ணன் வாசலில் வந்து நின்றான். அவள் ஒரு குவளையை நீட்டினாள், அவன் வேண்டாமென்று தலையாட்டினான்.

"மேல் சரிவுத் தோட்டத்துக்கு விதை பார்லி எத்தனை மூட்டை வேணும்?"

"மூணு போதும்ணா. கொடியைப் பிடுங்க ஆள் அனுப்பட்டுமா?"

"ஒருத்தரும் வேணாம். அப்பா வெச்சது. நானே பிடுங்கறேன்."

வேர்கள் ஆழம். நான்கு நாள் பிடித்தது.