வங்கிப் பக்கம் வரை வந்தவர்கள்

இருபத்து மூன்று பேர் வந்தார்கள். அதில் இருபது பேர் பணம் கட்டுகிற இடம் வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடினார்கள். ஏன் ஓடினார்கள் என்று யோசித்து யோசித்து என் மண்டை காய்ந்துவிட்டது.

நான் குழந்தைத் துணி விற்கிறேன். பிறந்த அன்றிலிருந்து ஒரு வயது வரைக்கும் போடுகிற சட்டை, தொப்பி, காலுறை, சுற்றுகிற துணி. மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, சுவர் தெரியாத அளவுக்கு அட்டைப்பெட்டிகள். கடை என்று தேடிக்கொண்டு தெருவில் நின்றால் ஒன்றும் கிடைக்காது, அது இணையத்தில் இருக்கிறது. இதற்காக ஒரு நல்ல அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்தேன். மேலாளர் தங்கமான மனிதர். "மூணு மாசம் உங்க சீட்டை யாருக்கும் தர மாட்டேன். சரிவரலைன்னா திரும்பி வந்துடுங்க" என்றார். மூன்று மாதம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. சரிவந்ததா வரவில்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. தோற்றுவிட்டேன் என்று தெரிந்திருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முதல் இரண்டு மாதம் கார்டு வைத்திருப்பவர்கள் மட்டும்தான் வாங்க முடிந்தது. எனக்குக் கடையின் பக்கத்தை அமைத்துக் கொடுத்தவள் என் நாத்தனார். வேறு ஊரில் இருந்துகொண்டு போனிலேயே என்னை மேய்ப்பவள்.

"அண்ணி, எல்லார்கிட்டயும் கார்டு இருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிட்டா எப்படி? ஆனா பேங்க்ல கணக்கு இல்லாத ஆள் உண்டா? அவங்கவங்க பேங்க்லேருந்தே நேரா கட்டற மாதிரி வையுங்க. அப்புறம் பாருங்க."

வைத்தோம். வாங்க வருகிறவர்கள் உள்ளூர் வங்கிகளின் பட்டியலில் தங்கள் வங்கியைத் தொட்டால், அது அந்த வங்கியின் சொந்தப் பக்கத்துக்கே கூட்டிப் போகும். அங்கே ரகசிய எண்ணைப் போட்டு, சம்மதம் என்று அழுத்தினால் முடிந்தது. பணம் கட்ட வழி செய்து தருகிற நிறுவனத்தில், பணம் வந்து சேர எந்தக் கணக்கு என்று கேட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு வியாபாரக் கணக்கு இருந்தது, அதையே கொடுத்தேன்.

அப்புறம் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். யாராவது வந்தால் என் திரையில் 'வங்கிக்குச் சென்றார்' என்று வரும். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அரை நிமிடத்தில் 'கைவிட்டார்' என்று வரும். கார்டில் கட்டுகிறவர்கள் ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போனார்கள். வங்கியில் கட்ட வந்தவர்களுக்கு மட்டும் அங்கே என்ன பேயா பிசாசா?

நாத்தனார் பொத்தானைப் பெரிதாக்கினாள். நிறத்தை மாற்றினாள். நான் பெரிய வங்கிகளை மேலே போட்டேன், பிறகு அகர வரிசையில் போட்டேன், பிறகு மறுபடி பெரியவற்றை மேலே போட்டேன். என் கடையில் நானே ஒரு தொப்பி வாங்கி, என் வங்கியிலிருந்து பணம் கட்டிப் பார்த்தேன். சமர்த்தாகப் போனது. என் கணவரை விட்டு ஒரு ஜோடி காலுறை வாங்க வைத்தேன். அதுவும் போனது. பணம் கட்ட வழி செய்து கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டேன்.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்."

"அப்ப வாங்க வர்றவங்க பக்கம் தப்பா?"

"அவங்க பக்கமும் சரியாதான் இருக்கு மேடம்."

"சரி, என் பக்கம்?"

"உங்க பக்கமும் சரியாதான் இருக்கு மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

எல்லாமே சரியாக இருந்துதான் என் பிழைப்பு நாறிக்கொண்டிருந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு, ஓடிப்போனவர்களையே கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். முதல் இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாமவர் "வேண்டாம்னு விட்டுட்டேன்" என்று பட்டென்று வைத்துவிட்டார். நான்காவதாக நான் கூப்பிட்ட பெண் என்மேல் பாய்ந்தாள்.

"நீங்க யாருங்க? உண்மையைச் சொல்லுங்க. எனக்கு எட்டாம் மாசம். உங்க கடையால ரெண்டு நாளா மனசே சரியில்லை."

"நாங்க என்னம்மா பண்ணினோம்?"

"பேங்க் பக்கத்துல, யாருக்குப் பணம் போகுதுன்னு ஒரு பேர் வருதே. அதை நீங்க படிச்சிருக்கீங்களா?"

"படிச்சேனே."

"என்ன போட்டிருக்கு? சொல்லுங்க."

"அமைதி அமரர் ஊர்..." என்று ஆரம்பித்தேன். வாய் அப்படியே நின்றுவிட்டது.

என் கணவரின் தொழிலை இதுவரை நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. இறந்தவர்களை எடுத்துச் செல்கிற வண்டிகள் இரண்டு எங்களிடம் இருக்கின்றன. என் மாமனார் ஆரம்பித்தது. 'அமைதி அமரர் ஊர்திச் சேவை' என்ற பெயர் எங்கள் வாசலில் இருக்கிறது, மின்கட்டண ரசீதில் இருக்கிறது, என் கல்யாணப் பத்திரிகையிலேயே இருந்தது. பதினொரு வருடமாக எனக்குச் சோறு போடுகிற பெயர். அதைப் பார்த்து ஒருவர் திடுக்கிடுவார் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. கார்டு கம்பெனிக்காரர்கள், வாங்குகிறவருக்கு எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள், கடைப் பெயரைக் கொடுத்தேன். வங்கி யாரையும் கேட்காது. கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அதைத்தான் காட்டும். வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு தொப்பி வாங்க வந்தவளிடம், அமரர் ஊர்திக்குப் பணம் தரச் சம்மதமா என்று கேட்டிருக்கிறது.

அவளிடம் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டேன் என்று நினைவில்லை. போனை வைத்ததும் தடதடவென்று கீழே இறங்கினேன். கணவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்க பேரைப் பார்த்துத்தாங்க எல்லாரும் ஓடறாங்க!"

"எந்தப் பேரை?"

சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். இந்தப் பேர் ஒண்ணு போதும், என் கடையையும் ஏத்திக்கிட்டுப் போக, என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் குழாயை மூடினார்.

"நானும்தானே கட்டிப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியலையே" என்றார். பிறகு, "சரி, புதுக் கணக்கு ஆரம்பிச்சுக்கோ. எங்க கையெழுத்து போடணும்னு சொல்லு" என்றார். திருப்பிச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கடைப் பெயரில் கணக்கு திறக்கப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள் வங்கியில். எனக்கு மிச்சம் இருந்தது நான்கு நாள். படிவத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் புதுக் குழப்பம் பிடித்துக்கொண்டது. இருபது பேர் ஓடியது புரிந்துவிட்டது. அப்படியானால் அந்த மூன்று பேர் ஏன் ஓடவில்லை?

அவர்களையும் கூப்பிட்டேன். முதலாமவர் பெயரைப் படிக்கவே இல்லையாம், அவசரத்தில் அழுத்திவிட்டாராம். இரண்டாமவர், "படிச்சேன். கம்பெனிக்காரங்க ஆயிரம் பேர் வைப்பாங்க, நமக்கென்ன" என்றார். மூன்றாவது ஒரு பெண். தணிந்த குரல். முந்தின நாள்தான் பணம் கட்டியிருந்தாள். அவள் வாங்கிய துணிகள் கட்டி முடித்து என் மேசைமேல் இருந்தன.

"பார்த்தேன்க்கா. பார்த்துட்டுத்தான் கட்டினேன்."

"பயமா இல்லையாம்மா?"

"எங்க வீட்டுக்காரரை உங்க வண்டியிலதான் கொண்டு போனோம். அஞ்சு மாசம் ஆச்சு. எனக்கு அப்ப நாலாம் மாசம். என்னை முன் சீட்ல உக்கார வச்சாங்க. வண்டி ஓட்டினவர், 'தங்கச்சி, ஒரு பள்ளம் வருது, கெட்டியா பிடிச்சுக்கோ, மெதுவா இறக்கறேன்'னு ஒவ்வொரு பள்ளத்துக்கும் சொல்லிச் சொல்லி ஓட்டினார். அன்னிக்கு யார் என்ன பேசினாங்கன்னு எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லைக்கா. இது மட்டும் இருக்கு."

மேசைமேல் இருந்த அவளுடைய பார்சலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"இணையத்துல பணம் கட்டினா ஏமாத்திடுவாங்கன்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. எத்தனையோ கடை பார்த்து, கட்டாம மூடிட்டேன். இங்க அந்தப் பேரைப் பார்த்ததும், அட, இவங்கதானான்னு கட்டிட்டேன்."

அழுதேன். வியாபாரம் செய்கிறவள் வாங்க வருகிறவரிடம் அழக்கூடாது என்று தெரியும், இருந்தாலும் அழுதேன்.

கீழே போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகம் இருக்கு" என்றார். "அந்த ரோட்டுல பதினாலு பள்ளம்."

படிவத்தை அன்றே வங்கியில் கொடுத்துவிட்டேன். பயந்து ஓடியவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் ஓடியிருப்பேன். கணக்கு வரும்வரைக்கும் வங்கிப் பட்டியலுக்கு மேலே நாலு வரி எழுதினேன். அங்கே தெரியும் பெயர் என் கணவருடைய தொழிலின் பெயர், அவர் ஒரு வேலை செய்கிறார், நான் ஒரு வேலை செய்கிறேன், பயப்பட வேண்டாம் என்று. நாத்தனார் படித்துவிட்டு, "'பயப்பட வேண்டாம்'கறதை எடுத்துடுங்க அண்ணி, அதைப் படிச்சாத்தான் பயமே வருது" என்றாள். எடுத்தேன். மேலாளரைக் கூப்பிட்டு, சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

"வியாபாரம் சரிவந்துடுச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

"தெரியலை சார்" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை கணவர் மாடிக்கு வந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. "அந்தத் தங்கச்சியோட பார்சலை நானே குடுத்துட்டு வர்றேன்" என்று வாங்கிக்கொண்டு தன் ஸ்கூட்டரில் ஏறிப் போனார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பி வந்து நின்றார். கையில் பார்சல் அப்படியே இருந்தது.

"என்னங்க, வீடு பூட்டியிருக்கா?"

"இல்லை, அவங்க தெருமுனை வரைக்கும் போனேன்" என்றார். "என் முகத்தைப் பார்த்தா அவங்களுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். இது குழந்தைக்கு வர்ற முதல் துணி. நீ போய்க் குடு."