மயிலாவுக்கு ஒரு ஏழு

மேல்கரட்டுக்கு அப்போது எண்கள் ஆறு வரைதான் வந்திருந்தன. பெரியவர்கள் கீழே கூலிக்குப் போகும்போது வேண்டிய வயதை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். குழந்தைகளுக்குத்தான் சிக்கல். செவந்தியின் மகள் மயிலா நான்கு வருஷமாக ஆறு வயதிலேயே இருந்தாள். இரண்டாம் வகுப்பில் சேர ஏழு வேண்டும்.

மகளை அழைத்துக்கொண்டு செவந்தி மலையிறங்கி, எண் வழங்கும் அலுவலகத்துக்குப் போனாள்.

"இந்த வருஷமும் உங்க ஊருக்கு ஏழு ஒதுக்கலம்மா" என்றார் எழுத்தர்.

"ஆறும் இருக்கு, ஒண்ணும் இருக்கு சார். சேத்துக்கிறோமே?"

"கூட்டல் டவுனுக்கு மட்டும்தான். மலைக்குக் கழித்தல் குடுத்திருக்கோமே, போதலையா?"

பக்கத்தில் ஒரு டவுன்காரம்மா பிரிக்காத பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்தாள்.

"எங்க பொண்ணுக்கு ரெண்டு பத்து வந்துடுச்சு. வீட்ல வைக்க இடமில்ல."

"அத எனக்குக் குடுப்பீங்களாக்கா?" என்றாள் செவந்தி.

"தாராளமா எடுத்துக்க."

எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தானமாக வரும் பத்தைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை.

வராந்தாவில் உட்கார்ந்து செவந்தி பொட்டலத்தைப் பிரித்தாள். பத்தைப் போட்டதும் மயிலாவின் கால்கள் நீண்டன. பாவாடை முழங்காலுக்கு ஏறியது.

"என்னம்மா அப்படிப் பாக்குற?" என்றாள், புதுக் குரலில்.

பத்து அவளுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. செவந்திக்குக் கழற்ற மனம் வரவில்லை. ஆனால் மேல்கரட்டுக்கு இரண்டாம் வகுப்புக்கு மேல் எந்த வகுப்பும் வந்திருக்கவில்லை. மகளின் தலையை ஒருமுறை நெஞ்சோடு அணைத்துவிட்டு, பத்திலிருந்து மூன்றைக் கழித்தாள். பாவாடை கணுக்காலுக்கு இறங்கியது.

மறுநாள் காலை ஆசிரியை ஏழைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல ஏழுதான். உள்ள போ."

இரண்டாம் வகுப்புக்கு அந்த வருஷம் ஜன்னல் மட்டும் வந்திருந்தது. சுவர்கள் அடுத்த வருஷம் வரும் என்றார்கள். வெட்டவெளியில் நின்றிருந்த ஜன்னலைத் திறந்து, மயிலா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறிக் குதித்தாள். வெளியே சாரல் அடித்தது. நனையாமல் இருக்க ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டுக்கொண்டாள்.