ஊர் கேட்ட மெஷின்

கமலாசனி எழுதிய புரோகிராமில் பிழை இல்லை. இருந்திருந்தால் கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலையிலிருந்து வரி வரியாகப் பார்த்துக் கண் பூத்துப்போனது. எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. அதோடு பேச வந்த சனம்தான் ஒருவர் பின் ஒருவராகப் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மெசெஞ்சரில் ஆள் இல்லாத நேரம் தானாகப் பதில் சொல்லும் ஒன்றை, கண்டியில் ஒரு கடைக்கு மேல்மாடியில், அவளும் கூட்டாளி கைரியாவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின் என்று அவர்கள் செல்லமாகச் சொன்னாலும் அது வெறும் புரோகிராம்தான். வருகிற வசனத்தில் தெரிந்த சொல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அதற்கென்று எழுதி வைத்த பதிலை எடுத்துக் கொடுக்கும். அடித்தளம் கமலாசனியுடையது, பதில்கள் இருவருடையதும். அடித்தளத்தை ஒருமுறை சரியாகக் கட்டிவிட்டால் இன்றைக்கு விடுதிக்கு, நாளைக்குப் புடைவைக் கடைக்கு என்று பதில்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கெட்டிக்கார யோசனைதான், சும்மா சொல்லக்கூடாது.

முதல் வாடிக்கையாளர் கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் விடுதி வைத்திருக்கும் ராஜா முதலாளி. வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ச் சனம் கண்ட கண்ட நேரத்தில் மெசெஞ்சரில் அறை இருக்கிறதா என்று கேட்டு அவருடைய உயிரை வாங்கியது. வெள்ளிக்கிழமை மெஷினைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் சரி என்றால் கண்டியில் கமலாசனிக்கு வேலை நிரந்தரம். இல்லை என்றால் மாசக் கடைசியில் கொழும்புக்குப் போகவேண்டும். அங்கே மாமா ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. கொழும்பில் லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய வருசம். சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குத் திரும்பலாம் என்றால், சண்டையில் பாதையை மூடியிருந்தார்கள். கமலாசனிக்குக் கொழும்பு என்றாலே பயம். கண்டி பிடித்திருந்தது. குளத்தடியால் நடந்து வேலைக்கு வருவது பிடித்திருந்தது, கைரியாவின் சோற்றுப் பார்சலில் பாதியைப் பறித்துச் சாப்பிடுவது அதைவிடப் பிடித்திருந்தது.

சோதித்துப் பார்ப்பதற்காகக் கைரியா தன்னோடு கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தவர்களுக்கெல்லாம் மெஷினின் மெசெஞ்சர் பெயரைக் கொடுத்திருந்தாள். வந்தார்கள், தமிழை இங்கிலீசு எழுத்தில் தட்டினார்கள், இரண்டு மூன்று பதிலோடு காணாமல் போனார்கள். மெஷின் பாவம், மரியாதையாகத்தான் கதைத்தது.

"வணக்கம். எந்த ஊர்?"

"ஹேவாஹெட்ட."

"சொந்த ஊரே அதுதானோ? இப்ப எங்க இருக்கிறீங்கள்? ஆரோட?"

அதோடு அந்தப் பக்கத்து ஆள் மெசெஞ்சரை மூடிக்கொண்டு போய்விட்டார்.

"என்ர புரோகிராமிலதான் என்னவோ கோளாறு," என்றாள் கமலாசனி. "வெள்ளிக்கிழமை முதலாளியும் இப்படி எழும்பிப் போனா நான் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்."

"சும்மா மூக்கால அழாத," என்றாள் கைரியா. "மத்தவங்கட்ட கேட்டுப் பாப்பம்."

கேட்கவேண்டிய தேவை வரவில்லை. பின்னேரம் படியேறி ஒருவர் வந்தார். ஹேவாஹெட்டவில் காசுக்கு டெலிபோனும் இன்டர்நெட்டும் கொடுக்கும் கொமினிகேசன் கடை நடத்தும் அழகர், கைரியாவின் வகுப்புத் தோழர். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் பிளாஸ்டிக் உறை.

"கைரியா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் மெதுவாக.

"எனக்கு என்ன ஆகப் போகுது? நல்லாத்தான் ஈக்கிறன்."

"நீங்க குடுத்தீங்களே ஒரு மெசெஞ்சர், அதுல சீஐடி பூந்துட்டாங்க. எந்த ஊரு, யாரோட இருக்கேன்னு என்னைய விசாரிக்கிறாங்க. அவங்க வந்து கூப்பிடுறதுக்கு முந்தி நாமளே பொலிசுக்குப் போயிட்டா நல்லதுன்னு பொறப்பட்டு வந்துட்டேன். ஒங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு." உறையைத் திறந்து காட்டினார். அடையாள அட்டை, அதன் போட்டோக் கொப்பிகள், கிராம சேவகரின் கடிதம், தேயிலைத் தோட்டத்துரையிடம் வாங்கிய நற்சான்றிதழ்.

கைரியா மேசையில் தலையைப் போட்டுச் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். கமலாசனிக்குச் சிரிப்பு உடனே வரவில்லை. எந்த ஊர், இப்போது எங்கே, யாரோடு. அவளுடைய வீட்டில் யார் வந்தாலும் கதை அப்படித்தான் தொடங்கும், அந்தப் பழக்கத்திலேயே எழுதிவிட்டாள். ஆனால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கும் ஒவ்வொரு முறையும் துவக்கோடு நிற்கும் ஆமிக்காரன் இதே கேள்விகளை இதே வரிசையில் அவளிடமும் கேட்பான். அவளும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு பதில் சொல்வாள். இதை எப்படித்தான் யோசிக்காமல் விட்டாளோ, மரமண்டை. பிறகு அழகரின் முகத்தைப் பார்த்தாள், அந்த நற்சான்றிதழைப் பார்த்தாள், அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த சீஐடி நான்தான் அண்ணை," என்றாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

விளங்கியதும் அழகர் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து ஒரு போத்தல் தண்ணீரையும் குடித்து முடித்தார். அவரை வைத்துக்கொண்டே மாற்றி எழுதினார்கள். "மொதல்ல அது தன்னப் பத்திச் சொல்லட்டும்," என்றாள் கைரியா. "பொறகு மத்தவங்கட கதை." இப்படி அமைந்தது: 'வணக்கம். நான் மனுசர் இல்லை, ஒரு கம்ப்யூட்டர். பிறந்தது கண்டியில, ஒரு கடைக்கு மேல்மாடியில. நீங்கள் ஆர் எண்டு சொல்லத் தேவையில்லை. விரும்பினாச் சொல்லுங்கோ.'

அழகர் தட்டத் தொடங்கினார், எழும்பவே இல்லை. கடைசியில் அதற்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். கல்யாணம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட மெஷின், விடுதியின் கல்யாண மண்டபத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டது. கடைசி பஸ்ஸுக்கு அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அனுப்பி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராஜா முதலாளி விடுதியின் கந்தோர் அறையில் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். தலை நரைத்த, சிரிப்பைக் கடனாகக் கூடக் கொடுக்காத மனிதர். "வாங்கம்மா, உட்காருங்க. இது வேலை செய்யுமா, இல்ல சும்மா ஷோவா?" என்றார். அறை வாடகை கேட்டார், மெஷின் சொன்னது. சுடுதண்ணீர் கேட்டார், சொன்னது. தலையை ஆட்டினார். பிறகு திரையில் மேலே போய் முதலாவது பதிலைத் திரும்ப வாசித்தார். நேரம் எடுத்து வாசித்தார். ஒற்றை விரலால் தட்டினார்: 'நான் வேலணை.'

கமலாசனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலணை யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், முதலாளி கண்டிப் பக்கத்து ஆள் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய இடி, ஊர்க் கேள்விகளோடு ஊர்ப்பெயர்களையும் எடுத்துவிட்டதால் வேலணை என்ற சொல் மெஷினுக்குத் தெரியாது. தெரியாததற்குக் கைரியா பொதுவாக ஒரு பதில் போட்டிருந்தாள், அது வந்தது. 'விளங்கவில்லை. தயவுசெய்து இன்னொருமுறை சொல்லுங்கள்.'

'நான் வேலணை' என்று திரும்பத் தட்டினார்.

'விளங்கவில்லை. தயவுசெய்து இன்னொருமுறை சொல்லுங்கள்.'

போச்சு, எல்லாம் போச்சு என்று கமலாசனி கண்ணை மூடினாள். "ஐயா, அதை நாங்கள் உடனே திருத்தலாம்," என்றாள்.

முதலாளியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கைரியா கிட்டப் போனாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்திமூண்டுக் கலவரத்தில என்ர கடையை எரிச்சதுக்குப் பிறகு, பிள்ளை, இதை நான் ஒருத்தரிட்டையும் சொன்னதில்லை," என்றார். இவ்வளவு காலமும் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, அசல் தீவகத்துப் பேச்சு. "இது என்னடாவெண்டா, இன்னொருக்காச் சொல்லு, இன்னொருக்காச் சொல்லு எண்டு நிக்குது." சொல்லிவிட்டு இன்னொரு முறை தட்டினார். வாயாலும் சத்தமாகச் சொன்னார். விடுதியே கேட்டிருக்கும்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைரியாவைக் கையால் காட்டியபடி கமலாசனியின் பக்கம் திரும்பினார். "கொழும்புக்குப் போகப்போறீர் எண்டு இந்தப் பிள்ளை சொன்னா. போகாதேயும். இதைப் பாக்கிறதுக்கு எனக்கு ஆள் வேணும்."

கைரியா மேசைக்குக் கீழால் அவளுடைய கையைப் பிடித்து நசுக்கினாள். கமலாசனி கதிரையை இழுத்துப் போட்டு, புரோகிராமைத் திறந்து, புது வரி ஒன்றைத் தொடங்கினாள்.

"ஐயா, ஆரும் வந்து வேலணை எண்டு சொன்னா இது என்ன சொல்லவேணும்?"

முதலாளி திரையில் தான் தட்டியதை இன்னொருமுறை பார்த்தார்.

"தெரியும் எண்டு சொல்லட்டும்," என்றார். "அது போதும்."