பச்சைமுத்து வயிற்றுக்குச் சமையல்

நீலசந்திரா பகுதியின் ஒரு சந்தில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ்தான். காலையில் ஆட்டோ ஓட்டும் பச்சைமுத்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால், வெளியே வாளியோடு நிற்பவர்கள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடலாம். பரோட்டாவிலும் டீயிலும் ஓடுகிற உடம்பு. சவாரி நடுவில் ஒதுங்க நேருமே என்று தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வீணா கதவைத் தட்டினாள்.

"அண்ணா, எனக்கு பஸ் போயிடும். ஆகலைன்னா விட்டுட்டு வாங்க, சாயங்காலம் பாத்துக்கலாம்."

வரிசையே சிரித்தது. பச்சைமுத்துவுக்கு வெளியே வரவே கூசியது.

அவன் மனைவி சின்னத்தாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே சமையலைத் தலைகீழாக மாற்றினாள். காலையில் ஒரு கிண்ணம் முளைகட்டிய கொள்ளு, மதியத்துக்கு முட்டைக்கோஸும் மொச்சையும், கொறிக்கப் பச்சைக் கேரட்.

"நார்ச்சத்துதான் நல்லதுன்னு டிவில சொன்னாங்க. மிச்சம் வைக்காம துன்னுய்யா."

தின்றான். பிற்பகல் ரிச்சர்ட்ஸ் டவுன் போக ஓர் அம்மாள் ஏறினார். சிக்னலில் எஞ்சினை அணைத்த பிறகும் கடமுடவென்று சத்தம் நிற்கவில்லை.

"வண்டிய சர்வீஸுக்கு விடக்கூடாதாப்பா?"

"வண்டி நல்லாத்தாம்மா இருக்குது" என்றான். அடுத்து எழுந்த ஓசையை வண்டியின் தலையில் கட்ட முடியவில்லை. அந்த அம்மாள் அங்கேயே இறங்கிக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் அனந்தலக்ஷ்மி வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"நார்ச்சத்து நல்லதுதான். அதுக்காக ஒரே நாள்ல இவ்வளவு ஏத்தினா, வயிறு என்ன லாரியா? கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்கணும். குழைய வேகவைங்க. தண்ணி குடிக்காம நார் மட்டும் தின்னா இன்னும் இறுகிப்போகும்."

அதன்பிறகு சின்னத்தாயி நிதானமானாள். பாசிப்பருப்போடு கடைந்த கீரை, தோலோடு வெந்த பீர்க்கங்காய்க் கூட்டு, காலையில் பழுத்த பப்பாளி. வீணாவும் தன் பங்குக்குக் கேழ்வரகுக் களியை உருட்டிய முத்தெ கொண்டுவந்தாள்.

"மெல்லாதீங்கண்ணா. சாறுல தொட்டு அப்படியே முழுங்கணும்."

பச்சைமுத்து மென்றான். அது மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. வாசலில் சவாரி கேட்டு வந்தவனுக்குக் கையால்தான் பதில் சொன்னான்.

வண்டியில் தண்ணீர் பாட்டிலும் ஏறியது. சில வாரம் போயிற்று. ஒரு காலை உள்ளே போனவன், வரிசை சேர்வதற்குள் வெளியே வந்து நின்றான்.

"ஏன்ணா, தண்ணி வரலையா?" என்றாள் வீணா.

"எல்லாம் வந்துடுச்சு."

நெஞ்சை நிமிர்த்தி நடந்து வீட்டுக்குள் வந்தான். சின்னத்தாயி வாழைத்தண்டை நறுக்கி, நூல் நூலாக வந்ததை விரலில் சுற்றி எறிந்துகொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா நாரைத் துன்னச் சொன்னாங்க. நீ எடுத்து வீசுற?"

சின்னத்தாயி அரிவாள்மணையை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் உட்கார்ந்து நறுக்கத் தொடங்கினான்.